உன்ட வீட்டுக் கதவு

எனது பெயர் வல்லிபுரம் இரத்தினம்மா. வயது நாற்பத்தொன்று. இறால் காலத்தில் இறால் உரிப்பேன், மற்றக் காலத்தில் கிடைத்த வேலையைச் செய்வேன். முகவரி, பனிச்சங்கேணி சுனாமி வீட்டுத்திட்டத்தில் வேம்பு நிற்கும் வளவு. அந்த வீட்டைப் பற்றித்தான் முறைப்பாடு என்பதால், சித்தாண்டியில் உள்ள என் தங்கையின் முகவரியைப் போடலாமே என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் சார்ஜன்ட் பதியுதீன் அவர்கள் கேட்டார். தங்கையின் வீடு தங்கையினுடையது, அதை என் முகவரி என்று சொல்ல எனக்கு வாய் வராது என்றேன். அதன் பிறகு நான் சொன்னபடியே எழுதினார்.

என் கணவர் பூபாலபிள்ளை என்மேல் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். நான் அவருடைய வீட்டுக்குள் அத்துமீறிப் புகுந்து, இருந்த கதவைக் கழற்றி எறிந்து, வேறு கதவு போட்டுப் பூட்டி, அவரை வெளியே நிறுத்திவிட்டேன் என்று அதில் இருப்பதாக எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கதவைக் கழற்றியது உண்மை. எறியவில்லை. சுவரோரம் சாத்தி, மழை படாமல் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். மற்றதை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்குக் கலியாணம் என்றால் தாய் தன் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, வளவின் பின்பக்கம் ஒரு சின்னக் குடிலுக்குப் போய்விடுவாள். மாப்பிள்ளை உடுப்புப் பையோடு வந்து சேருவார். என் தாய் சீதேவிப்பிள்ளையும் அப்படித்தான் கடற்கரை வீட்டை எனக்குத் தந்து, பலாமரத்து முன்கதவின் சாவியை என் கையில் வைத்தார். கொக்கட்டிச்சோலையிலிருந்து வந்த பூபாலபிள்ளை அந்தக் காலத்தில் நல்ல மனிதர். சண்டை வந்தால் இரண்டு சாரனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தன் தாய் வீட்டுக்குப் போவார். கோபம் ஆறினதும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வேலிப் படலையில் வந்து நிற்பார். என் தகப்பனும் அப்படிப் போய் வந்தவர்தான். கோபித்துக்கொண்டு வெளியே போவது ஆணுடைய வேலை என்று நம்பித்தான் நான் வளர்ந்தேன்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் கதவைப் பூட்டி, சாவியை மடியில் செருகி, மகள் விதுர்ஷாவையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் பின்னால், கடலோடு சேரும் களப்பின் கரைக்கு மீன் வாங்கப் போனேன். மகள் அப்போது சின்னப் பிள்ளை. கணவர் அங்கே தோணியில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அம்மா பின் குடிலில் இருந்தார். அன்றைக்கு வெயில் மிக மெதுவாக இறங்கியதாக எனக்கு ஞாபகம். காகங்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் பறந்தன, ஒன்றுகூடக் கத்தவில்லை. அதன் பிறகு தண்ணீர் வரக்கூடாத பக்கத்திலிருந்து உயர்ந்து வந்தது. நாங்கள் மூவரும் சேற்றில் வேரூன்றி நின்ற ஒரு கண்ணா மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றோம். சத்தம் இருந்திருக்க வேண்டும். எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஒரு சைக்கிள், ஒரு தொட்டில், கோயில் குடை எல்லாம் நித்திரையில் நடக்கிறவர்கள்போல எங்களைக் கடந்து போயின.

தண்ணீர் ஓய்ந்த பிறகு களப்பு அசையாமல் கிடந்தது. அதன் நடுவில் ஒரு கதவு மிதந்து வந்தது. அதன் மேல் ஒரு பேட்டுக்கோழி, யாரோ வரச் சொல்லி அனுப்பியதுபோல, கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தது. கோழியை எனக்குத் தெரியாது, கதவைத் தெரியும். கணவர் நீந்திப் போய் அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். கரையில் ஏற்றிவிட்டு, "இரத்தினம், இந்தா உன்ட வீட்டுக் கதவு" என்றார். இந்தச் சொற்களை அவர் சொன்னபடியே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். அதன் பிறகு அம்மாவைத் தேடிப் போனோம். அம்மா கிடைக்கவில்லை. வீடு இருந்த இடத்தில் ஈரமணல் இருந்தது, அதில் நண்டுகள் நடந்த கோடுகள் இருந்தன.

அதன் பிறகு முகாமில் இருந்தோம். தரப்பாள் கொட்டிலுக்குள் அந்தக் கதவைப் போட்டு அதன்மேல் நானும் மகளும் படுத்தோம். ஒரு கனவு எனக்குத் திரும்பத் திரும்ப வந்தது. கதவு கீழ்நோக்கித் திறக்கும். கீழே தண்ணீருக்குள் எங்கள் வீடு அப்படியே இருக்கும். அம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருப்பார், கூட்டுகிற தூசி மீன்குஞ்சுகளாக எழும்பும். அம்மா நிமிர்ந்து பார்த்து, "கதவச் சாத்து புள்ள, ஆக்கள் வருதுகள்" என்பார். கனவை எழுத முடியாது என்று சார்ஜன்ட் சொன்னார். அந்த நாட்களில் எது கனவு எது இல்லை என்று எனக்குச் சரியாகத் தெரியாது, விட்டால் எல்லாவற்றையும் விடவேண்டி வரும் என்று சொன்னேன். அதன் பிறகு எழுதினார்.

முகாமில் இருக்கும்போது புது வீட்டுக்குப் பதிவு நடந்தது. தொண்டு நிறுவனத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை மேசை போட்டு உட்கார்ந்து, "குடும்பத் தலைவர் ஆர்?" என்று கேட்டாள். நான் கணவரைக் காட்டி, "இவர்தான்" என்றேன். அவர் தோணியும் வலையும் போய், யாரோ கொடுத்த பெரிய சேட்டுக்குள் கை தெரியாமல் நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது. பந்தியில் ஆம்பிளைக்கு முதலில் சோறு போடுவதுபோலத்தான் அந்தப் பட்டத்தையும் போட்டேன். எனக்கு முன்னால் நின்ற பெண்களும் அப்படித்தான் சொன்னார்கள், பின்னால் நின்றவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். புருஷன் கடலோடு போன பெண்கள்கூடத் தமையன்மாரைக் காட்டினார்கள். தலைவர் என்றால் ஊர்வலத்தில் முன்னால் நடக்கிறவர் என்று நினைத்தோம். தலைவர் யாராக இருந்தாலும் வீடு பெண்ணுக்குத்தானே, அதை யாராவது போய்ச் சொல்ல வேண்டுமா என்று இருந்துவிட்டோம். அந்தப் பிள்ளைக்கு எங்கள் வழக்கம் தெரியாது. எங்களுக்கு அவளுடைய சொல் தெரியாது.

கடற்கரையில் கட்டக்கூடாது என்று சொல்லி, களப்புப் பக்கமாகக் காணி தந்து, வரிசையாக வீடு கட்டி, பதிவில் இருந்த குடும்பத் தலைவரின் பெயருக்குக் காணி உறுதிப் பத்திரம் எழுதினார்கள். சீட்டுப் போட்டுப் பிரித்ததால் அக்கம்பக்கத்தில் இருந்த சொந்தம் எல்லாம் சிதறியது. பழைய இடத்தில் பெரியம்மா வீடு, சின்னம்மா வீடு எல்லாம் வேலிக்கு வேலி. ஒரு புருஷன் குரலை உயர்த்தினால் நாலு பெண்கள் உலக்கையோடு வந்து, என்ன சங்கதி என்று விசாரிப்பார்கள். புது இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் யன்னலைச் சாத்துவார்கள். புது வீட்டுக்கு ஒட்டுப்பலகைக் கதவு போட்டுத் தந்தார்கள். அம்மாவின் கதவைக் கூரைக் கைமரத்தின்மேல் ஏற்றி வைத்தேன்.

அதன் பிறகு ஷெல் அடி தொடங்கியது. நாங்கள் தோணியில் களப்பைக் கடந்து போனோம். எங்களுக்குத் தூரத்தில் தண்ணீர் வெள்ளையாக எழும்பி, கொஞ்ச நேரம் நின்று, மெல்லச் சாய்ந்தது. அழகாக இருந்தது. இப்படிச் சொல்வது வெட்கம், ஆனாலும் அழகாகத்தான் இருந்தது. சத்தம் பிறகுதான் வந்தது, மகள் அதன் பிறகுதான் அழுதாள். மறுபடி முகாம். கிழக்கில் சண்டை ஓய்ந்ததும் எங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். வீட்டில் கூரை இல்லை. அம்மாவின் கதவு தரையில் கிடந்தது. யாரோ அதைக் கட்டிலாகப் போட்டுப் படுத்திருக்கிறார்கள், மெழுகுதிரி உருகி ஊற்றியிருந்தது. யார் என்று தெரியாது. அவர்களுக்கு என்ன கனவு வந்ததோ என்று யோசித்தேன்.

திரும்பி வந்த கணவர் வேறு ஆளாக இருந்தார். களப்பில் இறங்க ஆமியிடம் பாஸ் எடுக்க வேண்டும், பாஸ் கிடைத்தால் தோணி இல்லை. கசிப்புக் குடிக்கத் தொடங்கினார். முதல்தடவை அடித்த மறுநாள் கூனி இறால் வாங்கிக்கொண்டு வந்தார். பிறகு இறால் இல்லை, அடி மட்டும்தான். இடது காது எனக்கு இப்போது சரியாகக் கேட்காது, ஆகையால் கேள்விகளை வலப்பக்கமாகக் கேட்கும்படி சார்ஜன்டிடம் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு அடித்தும் அவர் பையைத் தூக்கவில்லை. கொக்கட்டிச்சோலைக்குப் போய் வாருங்கள் என்று நானே சொன்னேன். போகவில்லை.

யுத்தம் முடிந்தது என்று சந்தியில் வெடி கொளுத்திய கிழமை, மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் வந்து சோற்றுக் கோப்பையைத் தட்டிவிட்டு, "வெளிய போங்க ரெண்டு பேரும். இது என்ட வீடு. உறுதியில என்ட பேர்தான் கிடக்கு" என்றார். 'என்ட வீடு' என்ற சொல்லை எங்கள் ஊரில் அதுவரை ஒரு ஆண் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அவர் வேறு பாஷை பேசுவதுபோல இருந்தது. மகள் எழும்பி, "அப்பா, இது அம்மாட வீடு" என்றாள். அவளைத் தலைமயிரில் பிடித்து இழுத்து வெளியே விட்டார். நான் திரும்பிப் பார்த்தபோது அவளுடைய வெள்ளை ரிபன் அவர் கையில் இருந்தது. எதற்கு அதைப் பிடித்திருக்கிறோம் என்று தெரியாதவர்போல அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்கும் இதே பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். அப்போது இருந்த வேறொரு உத்தியோகத்தர், "புருஷன் பெண்சாதிச் சண்டை, வீட்ட போங்க" என்றார். எந்த வீட்டுக்கு என்று கேட்டேன். அதன் பிறகு சித்தாண்டிக்குத் தங்கையிடம் போனோம்.

அங்கே இருக்கும்போது, அவர் வீட்டை டவுன் ஆள் ஒருவருக்கு விற்கப் பேசியிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அது என் மகளுக்கு நான் கொடுக்க வேண்டிய வீடு. அதுவும் போனால் அவளும் நாளைக்கு ஒருவன் தலைமயிரைப் பிடிக்கும்போது போக இடமில்லாமல் நிற்பாள். அன்றைக்கு அந்தக் கனவு மறுபடி வந்தது. அம்மா கூட்டுவதை நிறுத்திவிட்டு, "இன்னும் சாத்தல்லியா புள்ள?" என்று கேட்டார். விடிந்ததும் மகளையும் தங்கையையும் தச்சுவேலை செய்யும் ஒரு ஓடாவியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நாங்கள் போனபோது அவர் வீட்டில் இல்லை, கதவு திறந்தே கிடந்தது. நான் எதையும் உடைக்கவில்லை. ஓடாவி ஒட்டுப்பலகைக் கதவின் பிணைச்சலைக் கழற்றி, உள்ளே கிடந்த அம்மாவின் கதவைப் போட்டு, நிலையில் பூட்டு நாக்குக்குத் துளை வெட்டினார். கீழே நாலு விரல் இடைவெளி விழுந்தது. "கட்டையா இருக்கு கா, பரவாயில்லியா?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். உப்புத் தண்ணீரில் கிடந்த பூட்டு. தேங்காய் எண்ணெய் விட்டு, இவ்வளவு காலமும் தாலிக்கொடியில் கோத்து வைத்திருந்த சாவியைப் போட்டேன். இரண்டாம் முறை திரும்பியது. நான் வாய்விட்டு அழுதேன். அதை எழுதலாம்.

மத்தியானம் கணவர் வந்தார். தட்டவில்லை. கீழ் இடைவெளியால் அவருடைய கால்கள் தெரிந்தன. கதவை உள்ளங்கையால் மேலிருந்து கீழ்வரை தடவுகிற சத்தம் கேட்டது. எந்தக் கதவு என்று அவருக்குத் தெரியும். நான் உள்ளே நின்று, "இது ஆர்ட வீட்டுக் கதவு?" என்று கேட்டேன். அவர் போய் வேம்பின் கீழ் உட்கார்ந்தார். வெயில் சரியும்வரை அங்கேயே இருந்தார், அதன் பிறகு எழும்பி இந்த நிலையத்துக்கு வந்திருக்கிறார்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் முறைப்பாட்டில் உள்ளபடி 'பூபாலபிள்ளையின் வீடு' என்று இருந்தது. அதற்குக் கையொப்பம் வைக்க மாட்டேன் என்றேன். "உறுதியில அவர்ட பேர் கிடக்கு தங்கச்சி, நான் என்ன செய்யிற?" என்றார் சார்ஜன்ட். ஏறாவூரில் அவர் குடியிருக்கும் வீடு யாருடையது என்று கேட்டேன். அது இந்த விசாரணைக்குத் தேவையில்லை என்றார். நான் தாளை அவர் பக்கம் தள்ளி வைத்தேன். அவர் பேனாவை மூடி, திறந்து, "பொஞ்சாதிட" என்றார்.

"அவ ஒருநாள் கதவத் திறக்காட்டி எங்க போவீங்க, சேர்?"

"உம்மாட வீட்ட."

"அப்ப இவரையும் அங்க போகச் சொல்லுங்க. கொக்கட்டிச்சோலையில மாமி இன்னும் இருக்கா."

இதை எழுத வேண்டாம் என்றார். எழுதாவிட்டால் கையொப்பம் இல்லை என்றேன். சிரித்தார், பிறகு எழுதினார். 'பூபாலபிள்ளையின்' என்ற சொல்லைக் கீறி வெட்டி, பக்கத்தில் தன் சின்னக் கையொப்பத்தை வைத்தார். அந்த இடத்தில் வேறு பெயர் எழுதத் தனக்கு அதிகாரம் இல்லை, அதை நீதவான்தான் சொல்ல வேண்டும் என்றார். இப்போது அங்கே 'வீடு' என்று மட்டும் இருக்கிறது.

இதில் கண்டதைக் கண்டதாகவும், பட்டதைப் பட்டதாகவும், கனவைக் கனவாகவும் சொல்லியிருக்கிறேன். யாரும் வெருட்டிச் சொல்ல வைத்தது அல்ல. வாசிக்கக் கேட்டு, சரி என்று கண்டு, என் கையால் ஒப்பம் வைக்கிறேன். சாவியைச் சான்றுப்பொருளாக ஒப்படைக்கும்படி கேட்டார்கள். ஒப்படைக்கவில்லை. மகளும் தங்கையும் உள்ளே இருக்கிறார்கள். நான் போய்த்தான் திறக்க வேண்டும்.

(ஒப்பம்) வ. இரத்தினம்மா
வேம்பு நிற்கும் வளவு, பனிச்சங்கேணி