நாலு நட்டு

— ஆக்ஸிலேட்டர மிதிச்சா என்ஜின் கத்துது வேலு. கியரும் விழுது, பாத்துக்க. வண்டிதான் நகரல.

— எப்பிடி நகரும் வீரையாண்ணே? என்ஜின் சுத்துற சுத்து கியர்பாக்ஸ் வந்து, அங்கன இருந்து இந்த நீள ஷாப்ட்டு வழியாத்தான் பின்சக்கரத்து அச்சுக்குப் போகணும். ஷாப்ட்டு ரோட்ல கிடக்கு.

— அப்ப சக்கரத்துக்குத் தாக்கல் சேதியே போகலங்கிற.

— போகல. நல்லவேள, பின்முனை விட்டுச்சு. முன்முனை விட்டிருந்தா ரோட்ல குத்தி வண்டியக் கவுத்திருக்கும். கூட யாரும் வந்தாகளா?

— என்கூட யாரு வருவா. உன் கடைக்குத்தான் வந்துக்கிட்டிருந்தேன். உப்பூர் தாண்டி டமார்னுச்சு. நீ தேவிபட்டினத்துல இருந்து சைக்கிள மிதிச்சு வார வரைக்கும் இந்த உடமரந்தான் துணை.

— பின்னச்சோட சேக்குற நாலு நட்டுல ஒண்ணுகூட இல்லண்ணே.

— நாலுமா?

— எத்தனையத் தளத்துனீக?

— ஏலே, நான் எதுக்குத் தளத்துறேன்?

— சீட்டுக்கடியில ஸ்பானர் கிடக்கு. அதுல கிரீஸ் காயல. எட்டு மாசமாச் செவ்வாக்கிழமதோறும் அதே சத்தம், அதே எடம். அறுபத்தெட்டு வயசுல வண்டிக்கடியில ஊந்து போற ஆளு நீகதான்.

— தெரிஞ்சுக்கிட்டேயா முறுக்கி முறுக்கி அனுப்புன?

— அத விடுங்க.

— உன் மதினி போனப்புறம் வீட்ல ரேடியோ மட்டுந்தான் பேசுது. நான் கேட்டா அது பதில் சொல்லாது, பாத்துக்க. சும்மா வந்து உக்காந்தா என்ன சோலின்னு கேப்ப. வண்டில சத்தமின்னா, அடியில படுத்துக்கிட்டு ரெண்டு மணி நேரம் பேசுவ.

— இனி இந்த வண்டிய எடுக்காதீக.

— எடுக்கல. செவ்வாக்கிழம நான் எங்கன போறது?

— எத்தனன்னு கேட்டேன்.

— ரெண்டு. எப்பவும் ரெண்டுதான். மத்த ரெண்டு கெட்டியா இருக்கு, ஷாப்ட்ட விடாதுன்னு தைரியம். நான் சாகப் பாக்கல வேலு. கடலுக்குள்ள நிக்கிற நவபாஷாணச் சாமி மேல சத்தியமா.

— தெரியும்.

— பெறகு மத்த ரெண்டும் எப்பிடிலே போச்சு?

— போன வாரம் கழட்டி மாட்டுனப்ப அந்த ரெண்ட நான் கெட்டியா முறுக்கல. ஒரு வாரம் நீக தளத்த மறந்துட்டா, சத்தம் இல்லன்னு வராம இருந்துருவீகளேன்னு.