கயிறு கட்டிய மறுநாள்

காந்திபுரத்திலிருந்து அவிநாசி செல்லும் பேருந்து பீளமேட்டு நெரிசலில் நின்றிருந்தது. எனக்கு முன்னிருக்கையில் வேலை முடிந்து திரும்பும் இரண்டு பெண்கள். மூத்தவர் இளையவரைப் பாராட்டிக்கொண்டிருந்தார்.

“உங்கூட்டுக்காரரு கோயில்ல கயிறு கட்டிக் குடிய உட்டுட்டாராமா? இனி நீ ராணியாட்ட இருக்கலாம் கண்ணு.”

“ஆமாங்க. எங்க மாமியா பாயசம் வெச்சு ஊருக்கே குடுத்தாங்க. எனக்குத்தான் பயமா இருக்குதுங்கக்கா.”

“பயமா? என்னத்துக்கு?”

“குடிச்சிருந்தா சோறுகூடத் திங்காமப் படுத்துக்குவாருங்க. அடிக்கிறதெல்லாம் தெளிஞ்ச பொறகுதான். எல்லாரும் குடிதான் காரணம்னாங்க. நானும் ஆமான்னு தலையாட்டிப்போட்டேன். இனி அடிச்சா என்ன காரணம் சொல்றதுங்க?”

மூத்தவர் குரலைத் தாழ்த்தினார்.

“எங்கூட்டுக்காரரு டீக்கடைப் பக்கங்கூடப் போகமாட்டாரு.”

“நீங்க குடுத்து வெச்சவங்க.”

“அப்பிடித்தான் எல்லாரும் சொல்றாங்க. போன மாசம் குடும்பச் சண்டையப் பத்தி ஆராய்ச்சி பண்றேன்னு ஒரு காலேஜ் புள்ள வந்துச்சு. ஊட்டுல யாராச்சும் குடிப்பாங்களான்னு கேட்டுச்சு. இல்லீன்னேன். அடிதடியப் பத்தின கேள்வியெல்லாம் குடிக்கிறவங்க ஊட்டுக்குத்தானாமா. சந்தோசமுங்கன்னு சொல்லிப்போட்டு அடுத்த ஊட்டுக்குப் போயிருச்சு.”

பேருந்து நகர்ந்தது. இளையவர் அவர் முகத்தையே பார்த்திருந்தார்.

“அக்கா, உங்களையுமா அடிக்கிறாரு?”

“இத்தன வருசத்துல நீதான் கண்ணு கேக்கறே.”