கைப்பையில் இருந்த அட்டை

மத்திமீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்பார்கள். என் வீட்டுக்காரர் கைலாசநாதனுக்கு மட்டும் அன்றைக்கு வைத்தது அன்றைக்கே வேண்டும், உப்பும் சரியாக இருக்க வேண்டும். ஒருநாள் உப்பு குறைந்ததற்கு, அடுப்பில் காய்ச்சிய இடுக்கியை என் மணிக்கட்டில் வைத்தார். கல்யாணமான இரண்டாம் வருஷம் அது. அதற்குப் பிறகு முப்பத்தேழு வருஷம், வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே குழம்பில் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்ப்பேன்.

பிறகு மறதி நோய் வந்தது. தப்பாக நினைக்காதீர்கள் இன்ஸ்பெக்டர் சார், என் வாழ்க்கையிலேயே நல்ல காலம் அதுதான். ஒருநாள் அந்தத் தழும்பைப் பார்த்து, "அடடா, இது எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டார். தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து தடவிவிட்டார். நான் அழுதுவிட்டேன்.

வெளிநாட்டில் இருக்கும் மகன் அஷ்வினுக்கு மனசு கேட்கவில்லை. மூளையில் படியும் நச்சுப் புரதத்தைத் தேடிப்பிடித்து அகற்றும் ஆன்டிபாடி மருந்து வந்திருக்கிறதாம். மாதம் ஒருமுறை சென்னைக்குப் போய் டிரிப்ஸில் ஏற்றிக்கொண்டு எங்கள் ஊர் போலகத்துக்குத் திரும்புவோம். மூன்றாவது தடவை ஏற்றிவந்த வாரம், தட்டைத் தள்ளிவிட்டு, "ராஜம், உப்பு எங்கடி?" என்றார். பழைய குரல். பழைய ஆள் திரும்பி வருகிறார் என்று பயந்தேன். அதன்பின் அடுக்களைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டுதான் சமைத்தேன்.

போன செவ்வாய் காலை அவருக்கு வாய் கோணி, பேச்சுக் குழறியது. ஆட்டோ பிடித்துக் காரைக்காலில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சின்ன வயசு டாக்டரம்மா, ஸ்கேன் பார்த்துவிட்டு வந்து கேட்டார். "பக்கவாதம் மாதிரி இருக்கும்மா. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போடணும். வேற ஏதாச்சும் மருந்து ஏத்துறீங்களா? சொல்லுங்க."

சென்னையில் ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். இந்த மருந்து ஏறுகிறவருக்கு அந்த ஊசி போட்டால் மூளையில் ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்து, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் இதைக் காட்டுங்கள் என்று தமிழிலேயே அச்சடித்திருந்தது. அது என் கைப்பையில் இருந்தது. பையை மடியோடு இறுக்கிக்கொண்டு, "பிரஷர் மாத்திரை மட்டும்தாங்க, வேற ஒண்ணும் இல்ல" என்றேன். என் பேச்சை நம்பி ஊசி போட்ட அந்த டாக்டர் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை. மதியம் மூன்று மணிக்கு அவர் உயிர் போய்விட்டது.

பயத்தில் செய்துவிட்டேன் என்று அஷ்வினிடம் சொன்னேன். நீங்களும் அப்படியே எழுதிக்கொள்ளலாம். ஆனால் சென்னை டாக்டர், முதல் டிரிப்ஸ் ஏற்றும் முன்னாலேயே என்னை உட்காரவைத்து விளக்கியிருந்தார். "போனது திரும்ப வராதும்மா. இப்ப இருக்கிறது இன்னும் கொஞ்ச நாளைக்கு இப்படியே நிக்கும், அவ்வளவுதான்."

பழைய ஆள் திரும்பி வரமாட்டார் என்பது எனக்கு அன்றைக்கே நன்றாகப் புரிந்துவிட்டது.