மத்தியானச் சாப்பாட்டுப் படம்

ரிங்லெட் ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் கொழுந்து பறிக்கும் பெண்கள் இரண்டு பேர், வேலை முடிந்து வந்துகொண்டிருந்தார்கள்.

"என் மவ காய்ச்சல்ல வீட்டுல படுத்திருக்கா, அக்கா. ஆனா டிரான்சிட்ல உக்காந்து சோறு சாப்பிடுறாளாம்" என்று இளையவள் கைப்பேசியை நீட்டினாள்.

"என்ன உளர்ற?"

"காலையில ஸ்கூல் தொடங்குற வரைக்கும், ஸ்கூல் விட்ட பிறகும் புள்ளைங்கள அந்தக் காப்பகத்துலதானே விடுறோம்? மத்தியானம் டீச்சர் குரூப்புல சாப்பாட்டுப் படம் போடும்ல. இன்னைக்கு இவள நான் அனுப்பவே இல்ல. அவங்கப்பா லீவு போட்டுப் பாத்துக்கிறாரு. படம் மட்டும் வந்துருச்சு."

"வேற நாள் படத்த மாத்திப் போட்டிருக்கும்லா."

"உங்க பையன் படத்தப் பாருங்க."

மூத்தவள் தன் கைப்பேசியைத் திறந்தாள். "இந்தா, கோழிக்கறியோட சாப்பிடுறான். நேத்தும் இதேதான்."

"போன வாரம்தானே கோயில்ல அவனுக்கு மொட்ட போட்டீங்க?"

படத்துப் பையனின் முடி நெற்றியை மறைத்தது.

"நான் தட்டத்தான் பாத்தேன்."

அவள் விரலால் தள்ளி நேற்றைய படத்தை எடுத்தாள்; அதிலும் அதே முடி.

"மத்தியானம் சாப்பிடவே இல்லன்னு நேத்து அழுதான். இந்தப் படத்தக் காட்டி, பொய்யாடா சொல்றன்னு அடிச்சிட்டேன்."