அரைகுறை அண்ணன் விட்டுப்போன பாதிப் பக்கங்கள்

மேடையில் வீற்றிருக்கும் நூலகர் அம்மா அவர்களே, அவர் பக்கத்தில் கைக்குட்டையும் கையுமாக இருக்கும் வங்கிக் காசாளர் அவர்களே, முன்வரிசைப் பல் மருத்துவரே, சீருடையைக்கூட மாற்றாமல் ஓடிவந்த பேருந்து நடத்துநரே, ஜன்னலோரம் நிற்கும் என் மகளே, நாற்காலி கிடைக்காமல் பின்னால் நிற்பவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாலை போட்ட படத்தில் சிரிக்கிறாரே லிஃப்ட் மெக்கானிக், உங்களுக்கு அவர் அரைகுறை அண்ணன். எனக்கு மாப்பிள்ளை. நான் சட்டைப் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துப் பிழைத்தவள், படிப்பு குறைவு. ஆனால் யார் எப்போது என்ன சொன்னார் என்பது மட்டும் எனக்கு மறக்காது.

இந்த நூலக மாடி ஒரு காலத்தில் நிரம்பி வழிந்தது. சம்பளம் கிடையாது, கேட்பாரும் கிடையாது. இருந்தும் இணையக் கலைக்களஞ்சியத்துக்கு எழுத வந்தார்கள். பிறகு ஏன் காலியானது? நடத்துநர் முதன்முதலாக நாலு வரி எழுதினார். நீக்கும் அதிகாரம் வைத்திருந்த காசாளர், தேநீர் ஆறுவதற்குள் அதை நீக்கினார். "அரைகுறையா எழுதி எங்க நேரத்தக் கெடுக்காதீங்க" என்றார். நடத்துநர் போனார். அவரைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். நூலகரும் காசாளரும் என் மாப்பிள்ளையும் மட்டும் மிஞ்சினார்கள்.

போனவர்களைத் திரும்ப அழைத்து வந்தவர் யார்? என் மாப்பிள்ளை. எப்படி? கெஞ்சினாரா? இல்லை. ஒரு பக்கத்தைப் பாதி எழுதுவார், நிறுத்துவார், போனை எடுப்பார்.

"பஸ் மணிக்கயிறு பத்தி எழுதினேண்ணே. ரெண்டு தடவ இழுத்தா என்னன்னு தெரியல, அப்படியே விட்டுட்டேன்."

"அதுகூடத் தெரியாம என்னத்தய்யா எழுதுற? நகரு, நான் வர்றேன்."

வந்தவர்தான் நடத்துநர், இன்றுவரை போகவில்லை. பல் மருத்துவர் வந்ததும் இப்படித்தான். பாதிப் பக்கங்களைப் பார்த்துக் காசாளர் வைத்த பட்டம்தான் 'அரைகுறை'.

எனக்கும் பொறுக்கவில்லை. ஒருநாள் அடுப்படியில் கேட்டேன். "ஏன் மாப்பிள்ளை, லிஃப்டப் பாதியில விட்டா ஆள் தொங்கிட்டுல்ல நிப்பாங்க? இத மட்டும் ஏன் இப்படி?"

"அத்தை, எல்லா வேலையும் முடிஞ்ச வீட்டுக்கு வர்றவங்க ஓரமா உக்காந்துட்டுக் கிளம்பிருவாங்க. கையில காயும் கத்தியும் குடுத்துப் பாருங்க, நறுக்கிக்கிட்டே வீட்டாளா ஆயிருவாங்க. யார்கிட்டயும் சொல்லிராதீங்க. வேணும்னே விடுறேன்னு தெரிஞ்சா வர மாட்டாங்க."

நான் சொல்லவில்லை. அவரும் திடீரென்று கண்ணை மூடிவிட்டார்.

சற்றுமுன் காசாளர் என்ன அறிவித்தார்? தூங்காமல் உட்கார்ந்து, மாப்பிள்ளை விட்டுப்போன அத்தனை பக்கங்களையும் முடித்துவிட்டாராம். "இனி அண்ணன யாரும் அரைகுறைன்னு சொல்ல முடியாது" என்று விம்மினார். நீங்கள் கைதட்டினீர்கள். எனக்குக் கை எழவில்லை.

அவர் எழுதியதில் பிழை இல்லை. அழுகையிலும் பொய் இல்லை. பிறகு நான் ஏன் கைதட்டவில்லை? நாளைக்கு யாருக்குப் போன் செய்து, எதைத் தெரியவில்லை என்று சொல்லப் போகிறோம்? வாசலை அடைத்துவிட்டு வீடு கட்டி முடிந்தது என்கிறோமா? இல்லை, நான்தான் புத்தி தடுமாறிப் பேசுகிறேனா? எனக்கே விளங்கவில்லை.

ஒன்று மட்டும் செய்வேன். நாளை இங்கே வந்து காஜா பற்றி ஒரு பக்கம் தொடங்குவேன். நான் சொல்ல என் மகள் கணினியில் தட்டுவாள். பாதியில் நிறுத்துவேன். நீங்களும் ஆளுக்கு ஒன்றைப் பாதியில் நிறுத்துங்கள். காசாளரே, உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன், அவற்றில் கை வைக்காதீர்கள். இந்தப் படி ஏறி இன்னும் வராத ஒருவருக்கு அவை இருக்கட்டும்.

நடத்துநர் காசாளரை முறைக்க வேண்டாம். அந்தப் பட்டத்துக்காக இத்தனை வருடம் அவர்மேல் நான் வைத்திருந்த வஞ்சத்தை இன்று இறக்கி வைத்துவிட்டேன். தெரியாமல் செய்தவர் அவர். தெரிந்தே செய்தவர் ஒருவர் இருக்கிறார். காயையும் கத்தியையும் என் கையில் கொடுத்துவிட்டு, என் மகளோடு இருந்த பேச்சைக்கூட முடிக்காமல் எழுந்து போனவர். அவரை மட்டும் மன்னிக்க மாட்டேன். அவர் என் மாப்பிள்ளை, உங்கள் அரைகுறை அண்ணன்.