நாப்பத்தொம்பது எறங்குது

...இல்ல சார், நீங்களே சொல்லுங்க, ஒரு சாஃப்ட்வேருக்கு அவ்ளோ திமிரு ஆகுமா? சுருதி எறங்குதுங்கறேன் நான். எறங்கலங்குது அது. இருபத்திரெண்டு வருஷமா இதே வேலையில இருக்கேன் சார். அது வந்து மூணு வருஷம் ஆகல. மூணு வயசுப் புள்ள எனக்குப் பாடம் எடுக்குது! சரி விடுங்க... விடவும் முடியல.

உங்க நம்பர் என்ன, பதினொண்ணா? இப்பத்தான் ஏழு உள்ள போயிருக்கு. நல்லா சாஞ்சு ஒக்காருங்க. எனக்கு ஒண்ணும் இல்ல, காதுல அழுக்கு. எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். அஞ்சு நிமிஷ வேலை.

என்ன தொழில்னு கேட்டீங்கள்ல? குரல் பதிவு பண்றது. வீட்லயே ஒரு ரூமு. செவுரு பூரா பழைய மெத்தையக் கிழிச்சு ஒட்டி வச்சிருக்கேன், வெளிச் சத்தம் ஒரு பொட்டு உள்ள வராது. கதவச் சாத்துனா நம்ம வயிறு பேசறது நமக்கே கேக்கும். உள்ள அவங்க பாடுவாங்க, ஹால்ல மேஜை போட்டு நான் ஒக்காந்து பதிவு பண்ணுவேன். எங்கயாவது சுருதி வெலகுச்சுன்னா கம்ப்யூட்டர்ல நேராக்கிடுவேன். ஆமா சார், நேராக்கலாம். அட, என்ன அப்படிப் பாக்கறீங்க? கல்யாண ஃபோட்டோவுல மூஞ்சிப் பருவ எடுக்கச் சொல்றோமா இல்லையா? அந்த மாதிரிதான்.

ஆனா எந்த சாஃப்ட்வேர் நல்லதுன்னு மட்டும் யாரையும் கேட்டுடாதீங்க. கேட்டா பொழுது விடிஞ்சு பொழுது போயிடும். எங்கிட்ட மூணு இருக்கு. ஒரே பாட்ட மூணுக்கும் ஊட்டி, மாசக்கணக்கா ஒக்காந்து பாத்தவன் நான். ஒண்ணு, பதிவு பண்ற சாஃப்ட்வேரோடயே சும்மா சேந்து வர்றது. ஓசின்னு பேரு வச்சிருக்கேன். ஓசியில வந்தது எப்படி இருக்கும்? வேலை செய்யும், மனசு இருக்காது. கொஞ்சம் அதிகமா ஏத்துன்னு சொன்னா குரலே மாறிடும், ஜலதோஷக்காரன் மாதிரி மூக்கால பாடும். ரெண்டாவது, தானாவே எல்லாம் பண்றது. ஒரு பக்கம் பாட்டு உள்ள போகும், மறுபக்கம் நேரா வெளிய வரும். இஸ்திரிப்பெட்டி! சூட்டக் கூட்டி வச்சீங்கன்னா மனுசன் பாடறது மெஷின் பாடற மாதிரி ஆயிடும். அதான் வேணும்னு கேக்கறவங்களும் இருக்காங்க, அது அவங்க தலையெழுத்து. ஆனா நம்ம பாட்டுல கமகம்னு ஒண்ணு இருக்கே சார், ஸ்வரத்துலேருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிட்டுப் போறது, அசையறது... அது அந்தப் பெட்டிக்குத் தெரியாது. சுருக்கம் விழுந்துடுச்சுன்னு நெனச்சு, பாவாடையில அழகுக்கு வச்ச மடிப்பையும் சேத்து அமுக்கித் தேச்சுடும்.

மூணாவதுதான் இருக்கறதுலயே ஒசத்தி. தையல்காரர்னு கூப்பிடுவேன். ஸ்க்ரீன்ல கோடு கோடாப் போட்டுக் காட்டும், ஒரு கோடு ஒரு ஸ்வரம். நம்ம குரலு அது மேல புழு மாதிரி நெளிஞ்சுக்கிட்டே போகும். கோட்டு மேல இருந்தா பச்சை, வெலகுனா செவப்பு. எந்த எழுத்து வெலகுச்சோ அத மட்டும் புடிச்சு நவுத்தலாம். மூச்சு, ஸ்ஸுன்னு வர்ற சத்தம், அதையெல்லாம் தொடாது. ஒவ்வொரு தையலாப் பிரிச்சுப் போடற மாதிரி.

அந்தத் தையல்காரர்தான் சார் எங்கிட்ட வாயாடுனது.

எங்க வீட்டம்மாதான் பாடறவங்க. சொன்னேனா? சொல்லலையா? கல்யாணம் ஆனதுலேருந்து அதான் ஏற்பாடு. அவ குரலு, நான் காது. மெத்தை விளம்பரம், பல்பொடி விளம்பரம், போன்ல ‘காத்திருக்கவும்’னு சொல்லிட்டு ஒரு பாட்டு ஓடுமே, அதுகூட ஒண்ணு அவ பாடுனதுதான். நீங்களே திட்டிட்டுக் கேட்டிருப்பீங்க. இப்ப ஆறு மாசமா பள்ளிக்கூடப் பாடக் கம்பெனி ஒண்ணுக்கு வாய்ப்பாடு பாடிட்டு இருக்கா. ஆமா, பெருக்கல் வாய்ப்பாடேதான். ரெண்டுலேருந்து பதினாறு வரைக்கும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு மெட்டு. ஆறு வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. ஆறு முடிஞ்சதும் எனக்கு ஒரு வாரம் சளி. எந்திரிச்சு வந்து ஏழாம் வாய்ப்பாடு ஆரம்பிச்சோம். அங்க புடிச்சுது சனி.

‘ஏழேழு நாப்பத்தொம்பது’ங்கற எடத்துல மெட்டு உச்சிக்குப் போய் நிக்கணும் சார். அவ பாடறா... நாப்பத்தொம்பது எறங்குது. எல்லாம் சரியாப் போகுது, அந்த மேல் ஸ்வரம் மட்டும் சறுக்குது. “எறங்குதும்மா, இன்னொரு தடவ”ன்னேன். பாடுனா. எறங்குது. முப்பத்தொரு தடவ சார், எண்ணி முப்பத்தொண்ணு. “நான் சரியாத்தானே பாடறேன்?”ங்கறா. “பாடறவங்களுக்கு அவங்க தப்பு கேக்காது”ன்னேன்.

சரின்னு தையல்காரர்ல போட்டுப் பாத்தா... பச்சை! முப்பத்தொண்ணும் பச்சை. ஓசியில போட்டேன், கோட்ட விட்டு நவுரல. இஸ்திரிப்பெட்டிக்குள்ள விட்டேன், நேராக்க ஒண்ணுமே இல்லன்னு போன மாதிரியே திரும்பி வருது. மூணு பேரும் பேசி வச்சுக்கிட்டுப் பொய்ச்சாட்சி சொல்றாங்க சார்! வருஷா வருஷம் புதுசு புதுசா விடறானுங்களே, எதையோ கெடுத்துட்டானுங்கன்னு நெனச்சேன். மூணையும் அழிச்சுத் திரும்பப் போட்டேன். வயர மாத்துனேன். மைக்க மாத்துனேன். ஃப்ரிட்ஜ நிறுத்திப் பாத்தேன். அதுல பாலு கெட்டதுதான் மிச்சம்.

கடைசில, சாஃப்ட்வேராவது மண்ணாவதுன்னு, பச்சையா இருந்தத நானே கையால புடிச்சு மேல ஏத்துனேன். செவப்பு காட்டுச்சு. காட்டிட்டுப் போன்னேன். என் காதுக்கு அம்சமா இருந்துச்சு. அனுப்பிட்டேன்.

ரெண்டாம் நாளு கம்பெனி மேடம் போன் பண்றாங்க. “சார், எல்லாம் நல்லாருக்கு. ஏழாம் வாய்ப்பாட்டுல மட்டும் நாப்பத்தொம்பது வந்ததும் புள்ளைங்க சிரிக்குது. ஏன்னு தெரியல”ங்கறாங்க. புள்ளைங்கன்னா சிரிக்கத்தான் செய்யும் மேடம்னேன்.

அன்னிக்கே எட்டாம் வாய்ப்பாடு. அதுலயும் மேல போற எடத்துல எறங்குது. அப்ப ஒரு வார்த்தை சொன்னேன் சார். சொல்லியிருக்கக் கூடாது. “ஒண்ணும் இல்லம்மா, வயசாகுதுல்ல”ன்னேன். நல்ல விதமாத்தான் சொன்னேன்! நாப்பத்தெட்டுங்கறது ஒரு வயசா? ஆனா அவ மைக்க உறையில போட்டு மூடிட்டு வெளிய வந்துட்டா.

மறுநாள் தொண்டை டாக்டர். இதோ இந்த வராண்டாவோட அந்தக் கோடி ரூமுதான். குழாய் விட்டுப் பாத்துட்டு, ஒரு கோளாறும் இல்லையேன்னாரு. பின்ன ஏன் சுருதி எறங்குதுன்னு இவ கேட்டிருக்கா. எதுக்கும் ரெண்டு வாரம் வாயத் தொறக்காம இருந்து பாருங்கன்னுட்டாரு. மத்தவங்கன்னா நாலு நாள் இருப்பாங்க. இவ சொன்னா சொன்னதுதான். ஒரு வெள்ளப் பலகையும் பேனாவும் வாங்கிட்டு வந்துட்டா. எல்லாம் எழுத்துல. ‘கேஸ் தீர்ந்தது.’ ‘மோட்டார் போடவும்.’ கோவம்னா அடியில கோடு போடுவா. ரெண்டு கோடு போட்டான்னா நான் செருப்ப மாட்டிட்டு வெளிய போயிடுவேன்.

நிம்மதியா இருந்திருக்கும்னு நெனக்கறீங்க. ஆம்பளைங்க பூரா அப்படித்தான் சிரிக்கறாங்க. மூணாம் நாளு பாத்தீங்கன்னா வீட்ல கடிகாரம் நடக்கறது கேக்குது சார். அவ டீவிய எதுத்துப் பேசுவா, குக்கரத் திட்டுவா, வராத போனுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிப் பாத்துக்குவா... ஒண்ணும் இல்ல. ஒரு நாள் சாயங்காலம் பாக்கறேன், மெத்தை ரூமுல, மைக்குக்கு முன்னாடி, வாய மட்டும் அசைச்சுட்டு நிக்கறா. சத்தமே இல்லாம. நான் பாத்தது அவளுக்குத் தெரியாது.

எட்டா? எட்டுதான் போகுது. உங்களுக்கு இன்னும் இருக்கு, ஒக்காருங்க.

போன ஞாயித்துக்கிழமை எங்க மச்சான் வந்தாரு, அவளோட அண்ணன். டயர் கடை வச்சிருக்காரு. பாட்டுக்கும் அவருக்கும் ரொம்ப தூரம். தங்கச்சி பலகையில எழுதிக் காட்டறதப் பாத்துட்டு, “என்னய்யா பண்ண எந் தங்கச்சிய?”ன்னு எம்மேல பாயறாரு. நீங்களே கேளுங்க மச்சான்னு, அவ பாடுனதையும் நான் திருத்துனதையும் அடுத்தடுத்துப் போட்டேன். கேட்டாரு. “மொதல்ல வர்றது எந் தங்கச்சி. ரெண்டாவது யாரு, நெலப்படியில தலைய இடிச்சுக்கிட்ட மாதிரி கத்தறது?”ன்னாரு.

டயர்காரருக்கு என்ன தெரியும்! ஹெட்போன வாங்கி நானே மாட்டுனேன். நான் எப்பவும் ஒரு காதுலதான் மாட்டறது சார், வலது காது. வாசல்ல மணி அடிச்சாக் கேக்கணும்ல, அதுக்காக இடது காது வெளிய. இருபத்திரெண்டு வருஷப் பழக்கம். ஸ்பீக்கர்ல வச்சா மேல் வீட்டுக்காரர் சண்டைக்கு வர்றாரு. அன்னிக்கு மச்சான் எனக்கு வலது பக்கம் ஒக்காந்து கத்திட்டிருந்தாரா... அவரு கத்தறதும் கேக்கட்டும்னு இடது காதுல மாட்டுனேன்.

நின்னுச்சு சார்.

நாப்பத்தொம்பது. ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு.

வலது காதுக்கு மாத்துனேன். எறங்குது. இடது, நிக்குது. வலது, எறங்குது. பதினஞ்சு தடவ மாத்தியிருப்பேன். மச்சான் கத்தறத நிறுத்திட்டு என்னையே பாக்கறாரு. “உங்களுக்கு ஏதாவது பண்ணுதா?”ங்கறாரு. ஒண்ணும் இல்ல மச்சான், அவகிட்ட எதுவும் சொல்லிடாதீங்கன்னேன்.

அழுக்குன்னு சொன்னேன்ல... அழுக்கெல்லாம் ஒண்ணும் இல்ல சார். காலையிலயே வந்து அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள்ள ஒக்கார வச்சுச் சோதிச்சுட்டாங்க. இந்தாங்க, ரிப்போர்ட். வலது காதுல, ஒரு உயரத்துக்கு மேல இருக்கற சத்தம் பூரா கொஞ்சம் சுருதி எறங்கித்தான் கேக்குமாம். சளியில ஆரம்பிச்சிருக்கலாம், ஆனா அது சும்மா ஒரு சாக்கு, இத்தன வருஷம் ஒரே காதுல சத்தமா வச்சுக் கேட்டதுதான் காரணம்னாங்க. சரியாகுமான்னேன். சொல்ல முடியாதுன்னாங்க. திரும்ப டாக்டரப் பாக்கத்தான் ஒக்காந்திருக்கேன். கொறைச்சு வைங்க, கொறைச்சு வைங்கன்னு அவ சொல்லாத நாளில்ல. உனக்கென்ன தெரியும் காதப் பத்தின்னுதான் நானும் சொல்லாத நாளில்ல.

அவகிட்டயா? சொல்லல. வயர் வாங்கப் போறேன்னுட்டு வந்திருக்கேன். தெரிஞ்சு நாலு நாள் ஆச்சு. நாலு நாளும் அவ பேசாம சுத்தி வர்றா, நான் பாத்துட்டுச் சும்மா இருக்கேன். தப்புதான்... தப்புதான் சார், நீங்க சொல்லணுமா? காது போச்சுன்னா அந்த வீட்ல நான் யாருன்னு ஒரு பயம். வேறென்ன.

இப்பவே போன்லயா? இங்கயா? ...நீங்க சொல்றது சரி. வீட்டுக்குப் போனா சொல்ல மாட்டேன்.

...ஹலோ. நான்தான். பேசாத, பேசாத! கேக்குதுன்னா போன்ல ஒரு தட்டு தட்டு. ...தட்டிட்டா சார். ...ஏம்மா, உன் குரலுக்கு ஒண்ணும் இல்ல. ...ஆறுதலுக்குச் சொல்லல. எங்காதும்மா. வலது காது கெட்டுப் போச்சு. நீ ஒரு தடவகூட எறங்கல. அந்த முப்பத்தொண்ணும் சரி. மூணு சாஃப்ட்வேரும் சரியாத்தான் சொல்லுச்சு. நான்தான்... ஹலோ? இருக்கியா?

பேசறா சார். இருங்க, இந்தக் காதுக்கு மாத்திக்கறேன்.

...ஞாயித்துக்கிழமைலேருந்து.

...ஆமா. நாலு நாளா.

...வச்சுட்டா. எத்தன நாளாத் தெரியும்னு கேட்டா. அவ்ளோதான். திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. பதினோரு நாள் கழிச்சு மொதல் வார்த்தை சார், ‘எத்தன நாளா’ன்னு. கொஞ்சம்கூடக் கரகரப்பு இல்ல.

பத்து உள்ள போயாச்சு. அடுத்தது நீங்கதான். இல்ல, பரவால்ல, எனக்கு ஒண்ணும் வேணாம். தண்ணி இருக்கு.

...அவதான்! ஹலோ! ...என்னது? கம்ப்யூட்டர் பாஸ்வேர்டா? எதுக்கு? ...சரி சரி, எதுக்குன்னு கேக்கல. ஒண்ணுலேருந்து எட்டு வரைக்கும் வரிசையா அடி. ...தெரியும், அது ஒரு பாஸ்வேர்டான்னு கேப்பன்னு தெரியும். ...ஏழாம் வாய்ப்பாடா? இப்பவேவா? ...எந்த சாஃப்ட்வேர்ல போட்டுப் பாக்கறதா? எதுலயும் போடாத. எதுவும் வேணாம். பாடு, அப்படியே அனுப்பு. ...அப்ப யாரு கேட்டுச் சரின்னு சொல்றது? ...யாரு, அண்ணனா?

மச்சான வரச் சொல்லிட்டாளாம் சார்! கடையச் சாத்திட்டு வந்துட்டிருக்காராம். இருபத்திரெண்டு வருஷம் நான் ஒக்காந்த நாற்காலி சார் அது! பஞ்சர் ஒட்டற மனுசன்! ...இல்லம்மா, உன்கிட்ட இல்ல, பக்கத்துல ஒருத்தர்கிட்ட. ...சரி, அவரே கேக்கட்டும். நான் எங்க ஒக்காரறது?

...பதினொண்ணு, உங்களத்தான் கூப்பிடறாங்க, போங்க சார், போங்க...

...உள்ளயா? அவ பாடற ரூமுக்குள்ளயா?

ஒரு ஓரமா ஒக்காந்து கேளுங்கங்கறா சார். ஹெட்போன் மாட்டாமயாம்... நான் அந்தக் கதவுக்கு உள்ள இருந்து அவ பாடி ஒரு நாள்கூடக் கேட்டதில்ல, தெரியுமா? ...சார்?

போயிட்டாரும்மா. யாரோ ஒருத்தர். இதோ, நானும் கெளம்பிட்டேன்.