இரண்டு தட்டு என்றால் பற்றவை

இன்னும் விடியாத காலை ஆறு மணி. ஜூன் மாதம், இந்த நாட்டில் நடுக் குளிர்காலம். ஈஸ்ட் டாமாக்கி வீதியில் ஒரு நாய் கூட இல்லை. இரண்டு பக்கமும் பூட்டிய ஷெட்டுகள்... நடுவில் மூடுபனி... அதற்குள் ஒரே ஒரு வேன்.

பொறுங்கள். தனோஜன், அந்த ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்துவிட்டு வந்து உட்கார். குளிரும்தான், குளிரட்டும். எப்சம் பகுதியில் இருக்கும் இந்த வீட்டில் காஸ் ஹீட்டரையும் மூட்டிவிட்டு, எல்லா இடுக்கிலும் துவாயைச் செருகி வைத்திருக்கிறீர்கள். ஏன் திறக்கச் சொன்னேன் என்பது கதையில் வரும். பிரணவி, போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டாலும் என் குரல் கேட்கும். பயமாக இருந்தால் இப்போதே எழுந்து போகலாம்... போகமாட்டாய், தெரியும்.

இது என் சிநேகிதி கஜந்தினியின் அத்தானுக்கு நடந்தது. பெயர் ஜெயரட்ணம். கஜந்தினியின் அக்கா ரதிதேவியைக் கட்டியவர். அவருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். தொண்ணூற்றாறில் நடந்ததை அவர் சொன்னபோது காது சிவக்கவில்லை, முகம்தான் வெளுத்திருந்தது என்று கஜந்தினி சொன்னாள்.

அவருடைய வேலை, பெரிய ஷெட்டுகளில் யூனிட் ஹீட்டர் பூட்டுவது. பார்த்திருப்பீர்கள். கூரையிலிருந்து நாலு கம்பியில் தொங்கும் இரும்புப் பெட்டி. உள்ளே காஸ் எரியும், பின்னால் விசிறி சூட்டைத் தள்ளும். புகை போக ஒரு தகரக் குழாய், கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகும்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். கூரையில் ஒருவர், கீழே ஏணியில் ஒருவர். அந்த இரைச்சலில் கத்தினால் கேட்காது. அதனால் ஜெயரட்ணத்தின் கூட்டாளி அப்பலசாமி ஒரு வழி வைத்திருந்தார். பிஜிக்காரர், தமிழ் பாதி, ஹிந்தி பாதி, மீதிக்கு ஆங்கிலம். ஸ்பேனரால் புகைக்குழாயில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் பொறு. இரண்டு தட்டு என்றால் பற்றவை. விடாமல் தட்டினால் உடனே அணை.

இன்னொன்று. அப்பலசாமியின் விரலில் ஒரு தடித்த மோதிரம். ஸ்பேனர் "டங்" என்று பட்டதும், பின்னாலேயே மோதிரம் "டிக்" என்று படும். டங்-டிக். ஆயிரம் தட்டில் அவருடைய தட்டைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஜெயரட்ணத்துக்கு அது வீட்டிலும் பழகிவிட்டது. கராஜில் நின்று சமையலறைச் சுவரில் இரண்டு தட்டுவார். அடுப்பைக் கொளுத்து, தேத்தண்ணி போடு என்று அர்த்தம். ரதிதேவி திட்டிக்கொண்டே கேத்தலை வைப்பாள்.

அந்த மார்ச்சில் அப்பலசாமி நித்திரையிலேயே போய்விட்டார். ஜெயரட்ணம் தனியாகத்தான் வேலை செய்தார். தனியாகக் கூரை ஏறுவார், தனியாக இறங்குவார். ஆனால் பற்றவைப்பதற்கு முன் குழாயில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கொஞ்சம் நிற்பார். மேலே யாரும் இல்லை என்று தெரிந்தும். பாவம், அவ்வளவு பாசம்.

சரி... அந்தக் காலை. பிளாஸ்டிக் போத்தல் அடுக்கும் ஒரு ஷெட். ஹீட்டரைப் பூட்டி, இணைப்புகளில் சவர்க்காரத் தண்ணீர் தடவி, ஒரு குமிழியும் வரவில்லை என்று பார்த்து, எல்லாம் முதல் நாளே முடிந்திருந்தது. பற்றவைப்பதுதான் மிச்சம். வேனில் ரதிதேவியும் வந்திருந்தாள். அவளுக்கு வேலையே அந்த ஷெட்டில்தான்.

வேலைக்கு ஒவ்வொருத்தியாகப் பெண்கள் வந்து கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். வாயைத் திறந்தால் ஆவி. பிளாஸ்டிக் மணத்தை இழுக்கும் பெரிய விசிறி சுவரில் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னப்பா, இன்னும் கொளுத்தேல்லையே? கை விறைச்சுப் போச்சு" என்றாள் ரதிதேவி.

"பொறும், ரதி."

ஏணியில் ஏறினார். பழக்கப்படி குழாயில் ஒரு தட்டு. நின்றார்.

மேலிருந்து... டங். டங்.

கையில் மயிர் எழுந்துவிட்டது. தகரம் குளிரில் சுருங்கினால் சத்தம் வரும், அது அவருக்குத் தெரியும். ஆனால் தகரம் இப்படி எண்ணித் தட்டாது. பயம் ஒரு நொடிதான். அடுத்த நொடி கண் கலங்கியது. "சரி அண்ணை" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு லைட்டரால் பற்றவைத்தார்.

நீலச் சுடர். விசிறி சுழன்றது. சூடு இறங்கியது. பெண்கள் கைதட்டினார்கள். யாரோ ஓடிப்போய் உருளைக் கதவை இறக்கி அடைத்தார்கள். ரதிதேவி ஹீட்டருக்கு நேர் கீழே நின்று முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம்தான்.

தூரச் சுவரில்... அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த பக்கம்... ஒரு சத்தம். டங்-டிக். டங்-டிக். டங்-டிக். விடாமல்.

விடாமல் தட்டினால் உடனே அணை.

அவர் சுடரைப் பார்த்தார். நீலம் போய்விட்டது. நுனி மஞ்சளாக நெளிந்தது. கீழே ஒருத்தி தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரதிதேவி ஆடினாள்.

வால்வை முறுக்கி மூடினார். "கதவைத் திறவுங்கோ! எல்லாரும் வெளியால போங்கோ!" என்று கத்தினார். எல்லாரும் முற்றத்துக்கு ஓடினார்கள். அவர் அந்த அட்டைப்பெட்டிகளை இழுத்துத் தள்ளினார். அதற்குப் பின்னால்தான் வெளிக்காற்று வருவதற்கு அவரே வெட்டிய துவாரம். கம்பித் தட்டி போட்டது. அது நிறையத் துணி. கம்பளிச் சால்வைகள், பழைய ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் ரதிதேவியின் பழைய பச்சைச் சேலை.

நாலு சுவருக்குள் காற்று வர வழியில்லை. சுவர் விசிறியோ வெளியே இழுத்துக்கொண்டே இருக்கிறது. பிறகு என்ன நடக்கும்? மேலே போக வேண்டிய புகை குழாய் வழியே திரும்பிக் கீழே இறங்கும். அந்த நச்சுக்கு மணமே கிடையாது. நித்திரை மாதிரிதான் வருமாம்.

"குளிர் காத்து முதுகில அடிச்சுது. நாங்கள்தான் நேற்றுப் பின்னேரம் அடைச்சனாங்கள்" என்றாள் ரதிதேவி, வாசலில் சாய்ந்து நின்று. அவருக்கு வந்த கோபம்! நம் ஆட்களுக்குக் குளிர் என்றால் எந்த ஓட்டையைக் கண்டாலும் துணி செருக வேண்டும்.  துணியை எல்லாம் இழுத்து வெளியே எறிந்துவிட்டு, சுவரில் கையை வைத்து, "அண்ணை, காப்பாத்திப்போட்டியள்" என்று அழுதார்.

அழுதுகொண்டிருக்கும்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது.

சுவரில் கேட்டது டங்-டிக். மோதிரம் இருந்தது.

குழாயில் கேட்டது வெறும் டங்... டங். மோதிரம் இல்லை.

அப்படியென்றால், பற்றவை என்று மேலிருந்து சொன்னது யார்?

வெளி ஏணியில் ஏறினார். அப்போதுதான் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. கூரை முழுவதும் வெள்ளையாக உறைபனி. ஒரு காலடியும் இல்லை. ஏறி வந்ததற்கும் இல்லை, இறங்கிப் போனதற்கும் இல்லை. புகைக்குழாயை ஒட்டி மட்டும் இரண்டு பள்ளம். முழங்கால் ஊன்றிய பள்ளம். யாரோ குனிந்து, குழாய்க்குள் முகத்தை வைத்து, கீழே நிற்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது போல.

அவர் குழாயைத் தொடவில்லை. அது சத்தியம் என்று கஜந்தினியிடம் தலையில் அடித்துச் சொன்னாராம். தொடாமல் பின்பக்கமாகவே நகர்ந்து இறங்கினார்.

முற்றத்தில் பெண்கள் எல்லாரும் நின்றார்கள். ரதிதேவியை மட்டும் காணவில்லை.

உள்ளே ஓடினார். வாசலிலேயே மூக்கில் ஏறியது... காஸ் மணம். அழுகிய முட்டை மணம், கண் எரிகிற அளவுக்கு. அவர் மூடிய வால்வு முழுதாகத் திறந்திருந்தது. ஏணியின் உச்சியில் ரதிதேவி. ஒரு கை ஹீட்டர் பெட்டியில். மறு கையில் அவருடைய லைட்டர், கட்டைவிரல் அதன் மேல்.

"ரதி! கையை எடும்!"

அவள் திரும்பிப் பார்த்தாள். மயக்க மருந்து குடித்தவள் போல ஒரு பார்வை. பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"என்னப்பா... இப்ப மேலயிருந்து நீங்கள்தானே ரெண்டு தரம் தட்டினனீங்கள்?"